பார்த்தாலே தெரியுமா வயசு?

பர்மிங்காமில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாள். சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்த வியட்நாம்காரப் பெண் என் பேரைக்கூடக் கேட்கவில்லை, எடுத்த எடுப்பில் "உங்களுக்கு என்ன வயசு?" என்றார். ஊரில் யாராவது கேட்டிருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது. இங்கிலாந்தில் நான்கு வருஷம் இருந்ததில் அந்தக் கேள்வியே மறந்து போயிருந்தது, கொஞ்சம் திகைத்துவிட்டேன். அவரே விளக்கினார். வியட்நாமிய மொழியில் எல்லாருக்கும் பொதுவாக நீங்கள் என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாதாம். எதிரே இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரிந்தால்தான் வாயே திறக்க முடியும். மூத்த ஆண் என்றால் 'அன்', நம் அண்ணன் மாதிரி. இளையவர் என்றால் 'எம்', தம்பிக்கும் தங்கைக்கும் அதே சொல்தான். பேசுவது ஆங்கிலத்தில் என்றாலும் மனசுக்குள் அந்தக் கட்டத்தில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லையாம். என்னை அண்ணன் கட்டத்தில் போட்டு வைத்திருந்தார். ஐம்பதை நெருங்கியிருப்பேன் என்று அவர் கணக்கு.

எனக்கு அப்போது 36.

நான் மட்டும் ஒழுங்கா என்ன? அவரைப் பார்த்ததும், படித்துக்கொண்டே பகுதி நேரமாக வேலைக்கு வருகிற காலேஜ் பெண் என்றுதான் நினைத்திருந்தேன். காலேஜில் படிப்பது அவருடைய மூத்த மகன். அவருக்கு 43. இன்னொருவர் எங்கள் மேற்பார்வையாளர், வெள்ளைக்காரர், அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ ஓய்வு பெறப்போகிறார் என்று நானாக முடிவு கட்டி வைத்திருந்த மனிதர். அவருக்கு 47. இருபது வருஷம் வீடுகளுக்குக் கூரை போடுகிற வேலை பார்த்து, முதுகு போனதும் கிடங்குக்கு வந்தவர். ஒரே மேசையைச் சுற்றி மூன்று முகம், மூன்றிலும் தப்பு, அதுவும் ஒன்றிரண்டு வருஷமில்லை, பன்னிரண்டு, பதினைந்து, இருபது என்று தப்பு.

அன்றைக்குச் சிரித்துவிட்டு எழுந்துவிட்டோம். அப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நாம் எல்லாரும் இரண்டு வேறு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம் என்று புரிந்தது. ஒன்று, வெவ்வேறு மக்களின் முகங்கள் உண்மையிலேயே வெவ்வேறு விதமாக மூப்படைகின்றன. இன்னொன்று, முகத்தைப் படிக்கும் நம் கண் எந்த ஊரில் பழகியதோ அந்த ஊர் அளவுகோலைத்தான் எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறது. முதலாவது தோல் சம்பந்தப்பட்டது, இரண்டாவது பழக்கம் சம்பந்தப்பட்டது.

தோலில் இருந்து தொடங்கலாம். முகம் முதுமையாகத் தெரிவதில் பெரும்பங்கு பிறந்த தேதியுடையது இல்லை, வெயிலுடையது. இதற்கு நான் பார்த்ததிலேயே மறக்க முடியாத சான்று ஒரு லாரி ஓட்டுநரின் புகைப்படம். 2012இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. 69 வயது, 28 வருஷம் சரக்கு வண்டி ஓட்டியவர். முகத்தின் வலது பாதியைக் கையால் மறைத்துவிட்டு இடது பாதியை மட்டும் பார்த்தால் எண்பதைத் தாண்டியவர் போலத் தெரிகிறார், தோல் தடித்து, உழுத வயல் மாதிரி மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. இடதை மறைத்து வலதைப் பார்த்தால் சாதாரண அறுபது சொச்சம். அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் உட்காருவது இடப்பக்கம், ஜன்னல் வெயில் விழுந்தது இடது கன்னத்தில். நம் ஊர் வண்டியாக இருந்தால் வலது கன்னம் போயிருக்கும். கண்ணாடி ஏற்றித்தானே ஓட்டியிருப்பார் என்று கேட்கலாம். புற ஊதாக் கதிரில் தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் வகையைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும், ஆழமாக இறங்கித் தோலின் நாரைச் சிதைக்கும் இன்னொரு வகையை விட்டுவிடும். சுடாததால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதிரை இயற்கையாகத் தடுப்பது மெலனின் என்கிற நிறமி. நம் தோலுக்குக் கறுப்பையும் மாநிறத்தையும் கொடுப்பது அதுதான். 1979இல் வெளியான ஓர் ஆய்வில் கறுப்பினத்தவர், வெள்ளையர் இருவரின் மேல்தோலையும் எடுத்து அளந்து பார்த்தார்கள். கடையில் விற்கும் சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கும் எண் கணக்கில் சொன்னால் கறுப்பினத்தவர் தோலின் பாதுகாப்பு சராசரியாக 13.4, வெள்ளையருக்கு 3.4. அதாவது ஒரு கறுப்பினப் பெண்மணி பிறக்கும்போதே ஒரு பூச்சோடு பிறக்கிறார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் தங்கள் தோல் லேசில் வெடிக்காது, சுருங்காது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது வெறும் பெருமை இல்லை.

இதனால் நிறமி அதிகமுள்ள தோலுக்கு மூப்பே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். வேறு விதமாகத் தெரியும். வெள்ளைத் தோலில் மூப்பு முதலில் கோடாக வரும், கண் ஓரத்தில், உதட்டுக்கு மேலே. கிழக்காசியத் தோலில் முதலில் வருவது கோடு இல்லை, நிறத் திட்டுகள். சீனப் பெண்களையும் பிரெஞ்சுப் பெண்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், சீனப் பெண்களுக்குச் சுருக்கம் சுமார் பத்து வருஷம் தள்ளித்தான் வருகிறது என்று கண்டார்கள், ஆனால் திட்டுகள் விஷயத்தில் அவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். நம் பக்கத்துத் தோலுக்கும் இது பொருந்தும் என்பது கண்ணாடி பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். நாற்பது வயதில் நம் பெண்களை வருத்துவது கண்ணோரச் சுருக்கமா, கன்னத்தில் ஏறுகிற மங்கா? மங்குதான். அதோடு கண்ணுக்குக் கீழே கருவளையம், அது சிலருக்கு இருபதிலேயே வந்துவிடும், பரம்பரையாகவும் வரும், தூக்கத்துக்கும் அதற்கும் எப்போதும் சம்பந்தம் இருப்பதில்லை. எனக்கு அப்பா வழி.

முடியும் இப்படித்தான். நரை விழத் தொடங்குவது வெள்ளையருக்குச் சராசரியாக முப்பதுகளின் நடுவில், ஆசியர்களுக்கு முப்பதுகளின் கடைசியில், ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு நாற்பதுகளின் நடுவில். இளநரை என்று மருத்துவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதே இதற்கேற்ப மாறுகிறது. வெள்ளையருக்கு 20க்கு முன்னால் வந்தால் இளநரை, ஆசியருக்கு 25, ஆப்பிரிக்கருக்கு 30. ஐம்பது வயதில் பாதிப் பேருக்குப் பாதித் தலை நரைத்திருக்கும் என்று மேலை நாடுகளில் ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு. உலகெங்கும் நாலாயிரத்துச் சொச்சம் பேரைப் பார்த்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஐம்பது வயதில் பாதித் தலை நரைத்தவர்கள் நூற்றுக்கு 6 முதல் 23 பேர் வரைதான் இருந்தார்கள். தங்கள் தெருவில் பார்த்ததை யாரோ உலகத்துக்கே பொதுவிதி ஆக்கியிருக்கிறார்கள். இந்தத் துறையில் இது அடிக்கடி நடக்கும், பின்னால் இன்னும் மோசமான ஓர் உதாரணம் வருகிறது.

சரி, எல்லா இனத்துக்கும் பொதுவான அடையாளம் எதுவுமே இல்லையா என்றால் ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். இளமையில் கண், புருவம், உதடு இவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் நடுவே நிற வேறுபாடு தூக்கலாக இருக்கும். வயதாக ஆக உதட்டின் சிவப்பு மங்கும், புருவம் வெளிறும், கண்ணின் வெண்மை பழுப்பேறும், முகம் முழுக்க ஒரே நிறமாகக் கலங்கிவிடும். பிரெஞ்சு, சீன, லத்தீன் அமெரிக்க, தென்னாப்பிரிக்கப் பெண்களின் முகங்களை வைத்து 2017இல் சோதித்தபோது நால்வகையிலும் இந்த வேறுபாட்டில் ஏதாவது ஒன்று வயதோடு குறையத்தான் செய்தது. படத்தில் கணினியால் அதைக் கூட்டிக் காட்டினால் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் படத்தைத்தான் இளையவர் என்றார்கள். கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம் என்று உலகம் முழுக்கப் பெண்கள் செய்வது இதையேதான். வெற்றிலை போட்டு வாய் சிவந்திருக்கும் பாட்டிமார்கள் தெரிந்தோ தெரியாமலோ இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். இனம் இனமாகப் பிரித்துச் சொல்லும் சராசரிகளைக் கேட்டுவிட்டு, எல்லாம் ரத்தத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டுவது சுலபம், அது தப்பு. ஒரே ஊரில், ஒரே நிறத்தில், ஒரே வயதில், ஒருவர் ஏசி அறையில் கணினி முன் இருபது வருஷம் இருந்தவர், இன்னொருவர் உப்பளத்தில் வாரியவர். தூத்துக்குடிப் பக்கம் போய்ப் பாருங்கள், இரண்டு முகத்துக்கும் நடுவே இருக்கும் தூரம் எந்த இரண்டு இனத்துக்கும் நடுவே இருப்பதைவிடப் பெரிது. உழைப்பு, பல் வைத்தியத்துக்குக் காசு, பீடி, சாப்பாடு, இதெல்லாம் சேர்ந்துதான் முகம். எங்கள் மேற்பார்வையாளரின் அறுபது வயதுத் தோற்றத்தில் பாதி அவர் வெள்ளையர் என்பதால், மீதி அவர் கூரை மேல் நின்றதால்.

இப்போது கண்ணுக்கு வருவோம். தோல் என்ன சொன்னாலும் அதைப் படிப்பது மூளை, அது சொந்த இன முகத்திலேயே நன்றாகத் தடுமாறும். தெரியாத ஒருவரின் படத்தைக் காட்டி வயது கேட்டால் ஐந்து, ஏழு வருஷம் தவறுவது சர்வ சாதாரணம். அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு: இளையவர்களுக்குக் கூட்டிச் சொல்வோம், முதியவர்களுக்குக் குறைத்துச் சொல்வோம், எல்லாரையும் நடுவில் கொண்டுவந்து வைக்கப் பார்ப்போம். சற்று முன் பார்த்த முகம் வேறு அடுத்த கணிப்பை இழுக்கும். கிழவர் ஒருவரைப் பார்த்த கையோடு என்னைப் பார்த்தால் என் வயதும் கொஞ்சம் ஏறிவிடும்.

பழக்கமில்லாத இனத்து முகம் என்றால் இது இன்னும் மோசமாகும். 2001இல் பெல்ஜியத்தில் நடந்த ஒரு சோதனையில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் இரு தரப்பு முகங்களையும் காட்டி வயது கேட்டார்கள். வெள்ளையர் தங்கள் இன முகங்களில் நன்றாகச் சொன்னார்கள், கறுப்பின முகங்களில் சொதப்பினார்கள். ஆப்பிரிக்கர்களோ இரண்டிலும் ஒரே அளவுக்குச் சொன்னார்கள். காரணம் எளிது. அவர்கள் பெல்ஜியத்தில் சில வருஷங்களாக வாழ்ந்தவர்கள், தினமும் நூற்றுக்கணக்கான வெள்ளை முகங்களைப் பார்த்தாக வேண்டியவர்கள். வெள்ளையருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிறுபான்மையாக வாழ்பவர் பெரும்பான்மையின் முகத்தைப் படிக்கக் கற்றே ஆக வேண்டும், எதிர்ப்பக்கம் கற்காமலே காலம் தள்ளலாம்.

பிறவியில் வரும் திறமை இல்லை இது, பழக்கம்தான் என்பதற்கு இன்னும் அழகான சான்று முகங்களை அடையாளம் காணும் ஆய்வுகளில் இருக்கிறது. மூன்று மாதக் குழந்தைக்கு எந்த இன முகத்தைக் காட்டினாலும் ஒன்றையொன்று பிரித்தறிகிறது, ஒன்பது மாதம் ஆவதற்குள் தன்னைச் சுற்றி இருக்கும் இன முகங்களை மட்டும்தான் பிரித்தறிகிறது. கொரியாவில் பிறந்து, மூன்று வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் இடையில் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப் போனவர்களைப் பெரியவர்களானதும் 2005இல் சோதித்தார்கள். அவர்கள் பிரெஞ்சுக்காரர்களைப் போலவே வெள்ளை முகங்களில் கெட்டி, ஆசிய முகங்களில் தடுமாற்றம். கண்ணாடியில் தினமும் பார்க்கும் சொந்த முகம் ஆசிய முகம், இருந்தும் அப்படி.

ஆக, நான் வியட்நாம்கார அக்காவின் முகத்தில் என்ன தேடினேன் என்று இப்போது யோசித்தால் புரிகிறது. நான் வளர்ந்த இடத்தில் நாற்பது தாண்டிய பெண் என்றால் கொஞ்சம் உடம்பு போட்டிருக்கும், கருவளையம் இருக்கும், கன்னத்தில் மங்கு இருக்கும், நெற்றி வகிட்டில் டை அடித்த முடியின் அடியில் அரை அங்குல வெள்ளை தெரியும். அவரிடம் ஒன்றுமே இல்லை, அதனால் என் மூளை சுருக்கமாக 'இருபத்திரண்டு' என்று எழுதிவிட்டது. அவர் கழுத்தையும் புறங்கையையும் பார்க்கத் தெரிந்த ஒரு ஹனோய்க்காரருக்கு உடனே தெரிந்திருக்கும். அவர் என்னிடம் பார்த்தது நரைத்த தாடி, முன்வழுக்கை, கருவளையம். எங்கள் ஊரில் முப்பத்தைந்தில் இந்த மூன்றும் சேர்ந்து வருவது சகஜம் என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

சென்னையில் இதே கதை வேறு மாதிரி நடக்கிறது. மணிப்பூரிலிருந்தும் நாகாலாந்திலிருந்தும் வந்து உணவகங்களிலும் அழகு நிலையங்களிலும் வேலை பார்ப்பவர்களை, முப்பது முப்பத்தைந்து வயதுக்காரர்களைக்கூட, 'தம்பி, பாப்பா' என்று ஒருமையில் கூப்பிடுகிறோம். பாசத்தில்தான் என்று சொல்லிக்கொள்வோம். அதே வயதுள்ள நம் ஊர்க்காரர் மேசைக்கு வந்தால் 'அண்ணே' ஆகிவிடுகிறார். தமிழிலும் வயதைக் கணிக்காமல் வாய் திறக்க முடியாது இல்லையா, அதனால் கணிப்பு தப்பினால் மரியாதையும் சேர்ந்து தப்பிப் போகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் அதிகபட்சம் கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் சிரிப்பு. அதே தப்பைக் கையில் துப்பாக்கியோ முத்திரைக் கட்டையோ வைத்திருப்பவர் செய்தால் என்ன ஆகும்?

2014 நவம்பர் 22, அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரம். பூங்காவில் விளையாட்டுத் துப்பாக்கியோடு நின்றிருந்த டமீர் ரைஸ் என்ற கறுப்பினச் சிறுவனை, காவல் வண்டி வந்து நின்ற இரண்டு நொடிக்குள் ஒரு காவலர் சுட்டார். மறுநாள் அவன் இறந்தான். போலீசுக்கு முதலில் போன் செய்தவர், அது பொம்மைத் துப்பாக்கியாக இருக்கலாம், ஆளும் சிறுவனாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார், அது வண்டியில் வந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சுட்டபின் வானொலியில் தகவல் சொன்னபோது வயது இருபது இருக்கலாம் என்றார்கள். அவனுக்கு 12.

அதே ஆண்டு உளவியலாளர் பிலிப் கோஃபும் அவர் குழுவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் சிறுவர்களின் படத்தைக் காட்டி, இவன் மீது இன்ன குற்றச்சாட்டு என்று சொல்லி வயது கேட்டார்கள். கடுங்குற்றச் சந்தேகம் என்று சொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவர்களுக்குச் சராசரியாக நாலரை வருஷம் கூட்டிச் சொன்னார்கள். கணக்குப் போட்டால் பதின்மூன்றரை வயதுப் பையன் பதினெட்டு வயது ஆண் ஆகிவிடுகிறான். காவலர்களை வைத்து நடத்திய பகுதியிலும் இதே சாய்வு தெரிந்தது. பத்து வயது ஆனதுமே கறுப்பினப் பிள்ளைகளை 'விவரம் தெரியாத குழந்தை' என்று பார்ப்பது குறைகிறது என்றும் கண்டார்கள். 2017இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி 325 பேரிடம் கேட்டதில் பெண் குழந்தைகளுக்கும் இதே கதைதான்: ஐந்து முதல் பதினான்கு வயதுவரையுள்ள கறுப்பினச் சிறுமிகளுக்கு அரவணைப்பு குறைவாகப் போதும், பெரியவர்கள் விஷயம் அவர்களுக்கு அதிகம் தெரியும் என்ற எண்ணம் இருந்தது.

கவனித்தீர்களா, தோல் கணக்குப்படி பார்த்தால் கறுப்பினத்தவர் வயதைக் குறைத்துத்தான் சொல்ல வேண்டும். வயதானவர்களை அப்படித்தான் குறைத்தும் சொல்கிறார்கள், அறுபது வயதுக்காரரை நாற்பத்தைந்து என்பார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் கணக்கு தலைகீழாகத் திரும்புகிறது. அங்கே பார்ப்பது சுருக்கத்தை இல்லை. பயத்தை.

எங்கள் வீட்டிலேயே இதன் சின்ன வடிவம் உண்டு. அக்கா மகனுக்கு 13 வயதில் மீசை அரும்பிவிட்டது, உயரமும் அதிகம். சிறுவர் கட்டணத்தில் பேருந்து ஏறினால் ஓட்டுநர் பெரியவர் டிக்கெட் கேட்கிறார், அவன் கூடவே ஏறும் அதே வகுப்பு வெள்ளைக்காரப் பையனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நாலு பேர் முன்னால் வயதை நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்று அவன் இப்போது பையில் பாஸ்போர்ட் நகல் வைத்திருக்கிறான். மீசையை எடுத்துவிடவா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறான்.

அகதிகள் விஷயத்தில் இது டிக்கெட்டோடு முடிவதில்லை. ஆப்கானிஸ்தானிலிருந்தோ சூடானிலிருந்தோ தனியாக வந்து தஞ்சம் கேட்கும் பையனுக்கு 17 என்றால் பராமரிப்பு, பள்ளிக்கூடம். 18 என்றால் பெரியவர்களோடு விடுதி அறை. பிறப்புச் சான்றிதழ் இல்லை. பிரிட்டனில் இரண்டு அதிகாரிகள் பார்த்து, தோற்றமும் நடத்தையும் இவர் 18ஐ நன்றாகத் தாண்டியவர் என்று மிக வலுவாகக் காட்டினால் பெரியவராகவே நடத்தலாம் என்பது விதி. நன்றாக என்றால் எத்தனை வருஷம்? எண் கிடையாது. இதே நாட்டில் மதுக்கடைக்குப் போனால் கவுண்டரில் ஓர் அட்டை தொங்கும்: 25க்குக் கீழே இருப்பதுபோலத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்போம் என்று. சட்டப்படி 18 போதும், ஆனால் கண்ணுக்கு ஏழு வருஷம் வரை தப்பு வரும் என்று கடைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் அந்த ஏழையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ஒரு பீர் பாட்டிலுக்குக் கிடைக்கும் இந்த நிதானம், படகில் வந்து இறங்கிய, ஒரு மாதம் சரியாகத் தூங்காத பையனுக்குக் கிடைப்பதில்லை என்பது என் கோபம்.

கண்ணை நம்ப முடியாது, எலும்பைப் பார்க்கலாம் என்று சில நாடுகள் இடது கையை எக்ஸ்ரே எடுத்து ஒரு படத்தொகுப்போடு ஒப்பிடுகின்றன. பின்னால் சொல்கிறேன் என்ற உதாரணம் இதுதான். உலகெங்கும் பயன்படும் அந்தத் தொகுப்பு 1950இல் வெளிவந்தது. அதில் இருப்பவை 1931 முதல் 1942 வரை எடுத்த, வட ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த, வசதியான வீட்டு வெள்ளைக் குழந்தைகளின் கைகள். எடுத்த ஊர் எது தெரியுமா, அதே கிளீவ்லாண்ட். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த அந்தக் கைகளைப் பக்கத்தில் வைத்து, பஞ்சத்தில் வளர்ந்த கையின் வயதைச் சொல்கிறார்கள். சத்துக் குறைவு எலும்பு முதிர்ச்சியைத் தள்ளிப் போடும், வம்சாவளியைப் பொறுத்து ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே ஆகும். பதினேழா பதினெட்டா என்ற கேள்விக்கு அந்த ஒன்றிரண்டு வருஷம்தான் மொத்த விடையும்.

நமக்கு இது புதிதா? வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடு, தொட்டால் ஒன்றாம் வகுப்பு, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா என்று அனுப்பிய ஊர் நம்முடையது. கை நீளமான பிள்ளை நாலு வயதில் சேர்ந்துவிடும், வளர்த்தி இல்லாத பிள்ளை ஏழு வயதிலும் வாசலில் நிற்கும். தலைமையாசிரியர் எழுதிக்கொண்ட அந்தத் தேதிதான் எங்கள் அப்பாவுக்குக் கடைசிவரை பிறந்த தேதி. சட்டத்திலும் இதன் நிழல் உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, தோற்றத்தைப் பார்த்தாலே சிறுவர் என்று தெளிவாகத் தெரிந்தால் அதையே பதிவு செய்யலாம். சந்தேகம் வந்தால் பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. எலும்புச் சோதனையில் இருபுறமும் இரண்டு வருஷம் தவறலாம் என்று 1982லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது இந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கிறார்கள். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சமூக வலைத்தளங்களிலிருந்து விலக்கும் ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10இல் நடைமுறைக்கு வந்தது, முகத்தைக் காட்டினால் வயது சொல்லும் மென்பொருள் அங்கே ஒரு வழி. தஞ்சம் கேட்பவர்களுக்கும் இதைப் பயன்படுத்தப்போவதாக 2025இல் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2024இல் ஆறு மென்பொருள்களைச் சுமார் 1 கோடியே 15 லட்சம் படங்களில் சோதித்தது. பத்து வருஷத்துக்கு முன் சராசரியாக 4.3 வருஷம் இருந்த தவறு விசா படங்களில் 3.1 ஆகக் குறைந்திருக்கிறது, மனிதக் கண்ணைவிட மேல். ஆனால் பெண்களின் முகத்தில் ஏறக்குறைய எப்போதுமே தவறு அதிகம், பிறந்த நாட்டைப் பொறுத்தும் மாறுகிறது. இயந்திரமும் குழந்தை மாதிரிதான், எந்த முகங்களைக் காட்டி வளர்க்கிறார்களோ அதுதான் அதற்கு உலகம். நானும் போனில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் 34 என்றது, சமையலறை டியூப் லைட்டின் கீழே 46.

வியட்நாம்கார அக்கா விஷயம் பாதியில் நிற்கிறது. வயது தெரிந்த பிறகு அவர் மொழி இலக்கணப்படி நான் 'எம்', தம்பி. ஒரு வாரம் முயற்சி செய்தார். இவ்வளவு நரையை வைத்துக்கொண்டிருக்கிற ஆளை எப்படித் தம்பி என்று கூப்பிடுவது, நாக்கு வரமாட்டேன் என்கிறது என்று விட்டுவிட்டார், இன்றுவரை 'அன்' தான். அவரை அக்கா என்று எழுதிவிட்டேனே தவிர, நேரில் எனக்கும் அது இன்னும் வாயில் வரவில்லை.